மாரிக்கண்ணன் வேண்டாம் என்று சொன்ன நாள்

தாயில்பட்டிக்காரரான மாரிக்கண்ணனுக்கு ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை பார்க்கிற வேலை. ஏவும் நாளில் மேகத்தையும் காற்றையும் மின்னலையும் கவனித்து, போகலாமா கூடாதா என்று அவர் சொல்ல வேண்டும். பதினான்கு வருடத்தில் பல முறை கூடாது என்று சொல்லியிருக்கிறார். மறுநாளோ அடுத்த வாரமோ ராக்கெட் கிளம்பிவிடும். அதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

செவ்வாய்க்குப் போகும் கலத்துக்கு அப்படி மறுநாள் கிடையாது. பூமியும் செவ்வாயும் சூரியனை வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. இருக்கிற எரிபொருளில் போய்ச் சேரும்படி இரண்டும் அமைவது ஏறக்குறைய இருபத்தாறு மாதத்துக்கு ஒரு தடவைதான். அதுவும் இருபது நாள்தான் நீடிக்கும். அந்த ஒவ்வொரு நாளிலும், பூமி சுழன்று ஏவுதளத்தைச் சரியான திசைக்குக் கொண்டுவரும் சில நிமிடங்களுக்குள் கிளம்பியாக வேண்டும்.

இந்தக் கணக்கை ஆறு வருடம் உட்கார்ந்து போட்டவர் சீனிவாசகம். விருதுநகரில் எண்ணெய் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே மாவட்டத்துக்காரர்கள் என்பதால் இருவரும் மதியம் சேர்ந்தே சாப்பிடுவார்கள். சீனிவாசகம் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது.

அந்த இருபது நாளில், ராக்கெட்டில் ஒரு வால்வு கசிந்ததில் முதல் பதினைந்து நாள் போயிற்று. அடுத்த நான்கு நாள் புயல். கடைசி நாள், பிற்பகல் மூன்று மணி ஒரு நிமிடத்திலிருந்து பதினொரு நிமிடம் மட்டுமே மிஞ்சியது.

இரண்டே முக்காலுக்குத் தென்மேற்கில் ஒரு மேகம் திரண்டது. தரையில் இருந்த கருவிகள் காட்டிய மின்புல அளவு ஏறிக்கொண்டே வந்தது. அப்படிப்பட்ட மேகத்தின் அருகே ராக்கெட் போனால், அதுவே மின்னலைத் தன்மேல் இழுத்துக்கொள்ளக்கூடும். ஏவுதள இயக்குநர் போகலாமா என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் மாரிக்கண்ணன், “வேண்டாம் சார்” என்றார்.

மூன்று பன்னிரண்டுக்கு நேரம் முடிந்தது. அரை மணி நேரத்தில் அந்த மேகம் ஒரு மின்னல்கூட இல்லாமல் கடல்பக்கம் கலைந்து போனது. சீனிவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மாரிக்கண்ணன் செய்தது விதிப்படி சரி என்று பிறகு அறிக்கையில் எழுதினார்கள். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. லீவு போட்டு ஊருக்கு வந்தார். நான்கு நாளாகத் தட்டில் பாதியை மிச்சம் வைப்பதைப் பார்த்துவிட்டு, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா பேச்சியம்மாள் என்னவென்று கேட்டார். மாரிக்கண்ணன் நடந்ததைச் சொன்னார்.

“இங்கன வானம் கருத்தா போர்மேன் எங்களை வெளிய அனுப்பிருவாரு. எம்புட்டு தடவ இடியே விழாமப் போயிருக்கு. மறுநா அதை யாரு பேசுறாக?”

“இது இருபத்தாறு மாசம்க்கா. அதுக்குள்ள அந்த மனுசன் வேலைய விட்டுப் போயிருவாரு.”

பேச்சியம்மாள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “அப்ப அவுகளைப் போயிப் பாருலே,” என்றார்.

உடனே போகத் துணிவு வரவில்லை. சீனிவாசகம் ஓய்வு பெற்று விருதுநகர் பக்கம் சூலக்கரையில் குடியேறிய பிறகு, தை மாதத்தில்தான் போனார்.

“உங்க முகத்துல முழிக்க முடியாமத்தான் வராம இருந்தேன் சார்.”

“வருத்தமில்லைன்னு சொன்னா பொய், மாரி. காலையில எந்திரிச்சதும் அந்தப் பதினொரு நிமிசந்தான் ஞாபகம் வருது. ஆனா உங்க மேல கோவமில்லை. கெளம்ப வேண்டிய நேரத்தைத்தான் நான் சொன்னேன். அன்னைக்கு வானம் எப்படி இருக்கும்னு என் கணக்குல கெடையாது.” சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நெசமாவே மின்னல் விழுந்திருக்குமா?”

“தெரியாது சார்.”

சீனிவாசகம் மெல்லத் தலையசைத்தார். அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வருடம் பங்குனியில் சீனிவாசகம் மாரடைப்பில் இறந்தார். அதே வருடம் மார்கழியில் கலம் கிளம்பியது. வானம் தெளிவாக இருந்தது. மாரிக்கண்ணன், “போகலாம் சார்” என்றார்.

பத்து நாள் கழித்து அவர் சூலக்கரைக்குப் போனார். சீனிவாசகத்தின் மனைவி டிவியில் பார்த்ததாகச் சொன்னார்.

“இந்தத் தடவ நாள் குறிச்சதும் அவுக கணக்குத்தானா தம்பி?”

“சார் போட்டு வச்ச முறைதாம்மா. நாளு மட்டும் வேற.”

“எப்பப் போய்ச் சேரும்?”

“பத்து மாசம் ஆகும்.”

“அம்புட்டு நாளா,” என்றவர், மாரிக்கண்ணனுக்குக் காபி போட உள்ளே போனார்.