ஆனி மாதம் ஏறிய படம்

போஸ்ட் கார்டை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். அதனால்தான் அதைப் படிக்கக் கூடாது. தொண்ணூறுகளில் திருத்தணியில் ஒரு சின்ன தபால் அலுவலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்தபோது, எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு தபால்காரர் கார்டை நீட்டுவதற்கு முன்பே, "யம்மா, உம் பொண்ணு முழுகாம கீதாம்" என்று வாசலிலிருந்தே கத்திவிட்டார். தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் அவரை என் மேசை முன்னால் நிறுத்தி வைத்தேன்.

"ஒட்டின கவரப் பிரிச்சாத்தான் தப்புன்னு நெனச்சிகினு இருக்கியா? தெறந்து கெடக்கறதப் பாக்காம இருக்கறதுதான்யா மரியாத."

அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய் பல பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி என் ஜன்னலுக்கு வருவாள். வானொலிக்குப் பாட்டு கேட்டு கார்டு எழுதுவாள். பெட்டியில் போடாமல் என் கையிலேயே கொடுப்பாள். கொடுக்கும்போது எழுதிய பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். "படிக்கக் கூடாது சார்." "நான் அட்ரஸ் மட்டும்தாம்மா பாப்பேன்" என்பேன். அவளுடைய அப்பா திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை செய்தார். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயரைப் போட மாட்டேன். அவளை ஒரு முறை நான் ஊருக்குக் காட்டிக்கொடுத்தது போதும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, தாம்பூலம் மாற்றுவதற்கு முன், மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் விசாரிப்பார்கள். சொந்தக்காரர்களைக் கேட்டால் புகழ்வார்கள், ஆகாதவர்களைக் கேட்டால் திட்டுவார்கள். அதனால் எல்லாரையும் தெரிந்த, யாரோடும் ஒட்டாத ஒரு ஆளைத் தேடுவார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆள் பெரும்பாலும் நானாக இருந்தேன். இதில் கெட்டதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் கிடையாது. "தங்கமான குடும்பம்ங்க" என்றால் செய்யலாம். "கொஞ்சம் யோசிச்சி செய்யுங்க" என்றால் முடிந்தது. கேட்டவர் காரணம் கேட்க மாட்டார், சொன்னவர் விளக்க மாட்டார். நாகரிகமான ஏற்பாடு என்று அப்போது நினைத்தேன். ஒருவரை, அவருக்குத் தெரியாமலே, பதில் சொல்ல இடம் கொடுக்காமலே, மூன்று சொற்களில் வெட்டிப்போடும் ஏற்பாடு என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து எனக்குப் பேரன் பிறந்தான். பெங்களூரில் மகன் வீட்டில் போய்ச் சில மாதம் இருந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு நான் ஊரில் இல்லாத வருடம் அது ஒன்றுதான். திரும்பி வரும்போது மகன், அப்போது எல்லாரும் சேர்ந்துகொண்டிருந்த ஒரு நட்புத் தளத்தில் எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். பேரனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என் படத்தை அதில் வைத்தான். "கொழந்தையோட படம் போடுவேன்பா, அங்கேயே பாத்துக்கலாம்."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அட்டைத் தடுப்புகளுக்கு நடுவே கம்ப்யூட்டர்கள். நடத்தியவர் நாற்பது வயதுக்காரர், வாய் சும்மா இருக்காது. "இன்னா சார், பேரன் தரிசனமா? அர்ச்சனத் தட்டு வாங்கியாரட்டா?" என்பார்.

பேரனைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அந்தத் தளத்தில் ஒருவர் மற்றொருவருக்கு எழுதுவதை மூன்றாமவர் படிக்க முடிந்தது. ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள், எத்தனை மணிக்குப் பேசுகிறார்கள், எல்லாம் திறந்து கிடந்தது. முதலில் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவையும் இலவசமாக வைத்துக்கொள்ள ஒருவன் இடம் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று யோசித்தேன். மகனிடமும் கேட்டேன். "உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சிரித்தான். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அது தளத்தை நடத்துபவன் மேல் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அதில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் திரும்பிவிட்டது.

அடுத்த வருடம் ஆனி கடைசியில் புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். மாப்பிள்ளையின் அப்பா. தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு.

"சார், நாளு இல்லீங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள தாம்பூலம் மாத்தி, ஆவணில முகூர்த்தம் வெச்சிக்கலாம்னு. பொண்ணு தெனமும் ரயில்ல மெட்ராஸ் போய்ட்டு வருது இல்லீங்களா, எங்க ஆளுங்க அதத்தான் ஒரு மாதிரி பேசறாங்க. பையனுக்கு ரொம்ப இஷ்டம். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

பெண் யார் என்று கேட்டேன். கார்டை உள்ளங்கையால் மூடிக் கொடுத்தவள்.

"ஆங், நல்ல குடும்பம்தான். ரெண்டு நாள் கழிச்சிப் பேசறேன்" என்றேன். அப்போதே "தங்கமான குடும்பம்" என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான். ஏன் இரண்டு நாள் கேட்டேன்? ரயிலில் போய் வரும் பெண் என்ற வார்த்தை எனக்குள்ளும் கொஞ்சம் வேலை செய்தது. அதைவிட, விசாரிக்கும் மற்றவர்களிடம் இல்லாத ஒரு ஜன்னல் என்னிடம் இருந்தது. அதை உபயோகித்துப் பார்க்க ஆசை.

அவள் பக்கத்தை எளிதாகக் கண்டுபிடித்தேன். நண்பர்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்கள். கிறுக்கலான முகவரிகளைப் படித்துப் பழகியவன் ஆயிற்றே, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். "வாழ்த்துகள் மேடம்." "சொல்லவே இல்ல பாத்தியா!" "ட்ரீட் எப்போ?" எதற்கு வாழ்த்து? எதைச் சொல்லவில்லை? மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அன்றைக்குத்தான் படங்களைத் திறந்தேன்.

மலைமேல் எடுத்த படம். பின்னால் இருந்த கல் தூணை எனக்குத் தெரியும். அவள் மஞ்சள் புடவையில், கழுத்தில் கனமான மாலையோடு நின்றாள். பக்கத்தில் மஞ்சள் வேட்டியும் மாலையுமாக ஒரு இளைஞன். இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு, இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. படத்துக்குக் கீழே தேதி. பஞ்சாங்கக் கணக்குப் போட்டேன். ஆனி மாதம்.

எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தக் கணக்கு ஒரு நொடி வேலை. மலைமேல் மஞ்சள் துணியும் மாலையும் ஆடியில் கண்டால் காவடி. ஆடியில் யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள். ஆனியில் கண்டால் கல்யாணம். முகூர்த்த நாளில் மண்டபம் மண்டபமாகத் தாலி கட்டுகிற மலை அது. வீட்டுக்குத் தெரியாமல் வந்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, அடுத்த பேருந்தில் போய்விடுகிற ஜோடிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். மாலை மறைத்ததால் கழுத்தில் கயிறு இருந்ததா என்று தெரியவில்லை. தெரியாததையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

பின்னால் குரல் கேட்டது. "இன்னா சார், பேரனுக்குப் பொடவ கட்டி உட்டுகீறாங்களா?"

சட்டென்று பக்கத்தை மூடினேன். காது சூடாகிவிட்டது. செய்வது தப்பு என்று என் காதுக்குத் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் புத்தூருக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் யோசிச்சி செய்யுங்க" என்றேன். வழக்கப்படி அவர் அதோடு வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

"ஏன்ங்க? காதுல ஏதாச்சும் உழுந்துச்சா?"

"காதுல உழல. கண்ணால பாத்தேன்."

சொல்லியிருக்கவே வேண்டாம். அதற்கு மேலும் சொன்னேன். எந்தத் தளம், எப்படித் தேடுவது, எந்தப் படம் என்று, வழி கேட்டவருக்குத் தெரு காட்டுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு நிம்மதி. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதானே சொன்னேன்?

அவர்கள் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பங்காளிப் பையன்கள் படத்தை எடுத்துச் செல்போனில் வைத்துக்கொண்டார்கள். ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குப் போயிற்று. கனகம்மாசத்திரத்து டீக்கடையில் பேச்சாகிவிட்டது. ஆலையில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் யாரோ அவளுடைய அப்பாவிடமே நீட்டி, "யாருன்னு தெரியுதா பாருங்கண்ணே" என்று கேட்டார்களாம். சம்பந்தம் நின்றுவிட்டது. வீட்டில் அவளை வேலைக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் சில்லறைச் செய்தியாக என் காதுக்கு வந்தது. நெருப்பில்லாமல் புகையுமா என்று நானும் தலையாட்டினேன்.

பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. சரவணப் பொய்கைக் கரையில் காவடிகளை இறக்கி வைத்துவிட்டு ஜனங்கள் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மஞ்சள். எல்லார் கழுத்திலும் மாலை. சிரித்துக்கொண்டே ஐந்தாறு பேர் கும்பலாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு பெண்ணும் பக்கத்தில் ஒரு பையனும் நின்றார்கள். அவர்கள் இருவரை மட்டும் வெட்டி எடுத்தால் நான் பார்த்த படம்தான். போன வருடம் இதே நாளில் நான் ஊரில் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்தத் தேதி? வீட்டுக்கு வரும் வழியில் அதுவும் விளங்கியது. தபால் முத்திரை கடிதம் எழுதிய நாளைச் சொல்லாது. பெட்டியில் விழுந்த நாளைத்தான் சொல்லும். வேலைக் காலம் முழுவதும் முத்திரை குத்தியவனுக்கு இது தெரியாதா? படம் எடுத்தது ஆடியில். ஏற்றியது மறு வருடம் ஆனியில்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எவனோ ஒரு பாவி சார், புத்தூரானுக்கு வழி காட்டி உட்டுட்டான். தம்பிக்குக் காமால வந்தப்ப வேண்டிகினு என் பொண்ணு காவடி எடுத்துச்சி. கூட ரயில்ல போற புள்ளைங்களும் எடுத்துச்சிங்க. நான்தான் சார் கூட நடந்தேன். யாரு கேக்கறா? இந்த நேரத்துல எங்க வாசல மிதிச்சீங்களே, அதே போதும்." காப்பிக்குப் பால் வாங்க அவரே சொம்பை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் கதவோரம் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"அந்தப் படத்துல இருக்கறவரு..." என்று ஆரம்பித்தேன்.

"என் ஃபிரண்டோட வீட்டுக்காரர். அவளும் பக்கத்துலதான் நின்னா. ஓரத்துல வளையல் போட்ட கை தெரியுமே, பாக்கலியா சார்?" குரல் உயரவில்லை. "வாழ்த்து சொன்னது எனக்கு வேல நிரந்தரமானதுக்கு. அதையும் படிச்சிருப்பீங்க."

"நான்..."

"யாரு யாரு என் பக்கத்துக்கு வந்தாங்கன்னு அது காட்டும் சார். வரிசையா மூஞ்சி வரும். பேரனத் தூக்கிகினு நிக்கறீங்க. மூணு நாளு வந்தீங்க. நான் சந்தோஷப்பட்டேன். சார் நம்மள ஞாபகம் வெச்சிகினு கீறாருன்னு."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அட்ரஸ் மட்டும்தான் பாப்பேன்னு சொல்வீங்களே சார். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

வெளியே அவள் அப்பாவின் செருப்புச் சத்தம். அவள் அவசரமாகச் சொன்னாள். "நைனாகிட்ட நான் சொல்லல. சொன்னா அது இனிமே யாரையும் நம்பாது."

அந்தக் காப்பியைக் குடித்தேன். அதுவும் என்னால் முடிந்தது.

மறுநாள் புத்தூர் போய் மாப்பிள்ளையின் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "நீங்க இப்ப சொல்றது நெஜமாவே இருக்கட்டும்ங்க. ஆனா எங்க பசங்க எல்லார் செல்லுலயும் அந்தப் படம் கீது. ஒவ்வொருத்தன்கிட்டயும் போய்க் காவடின்னு சொல்லிகினு இருக்க முடியுமா? பையனுக்கு வேற எடம் பாத்துட்டோம்." யோசித்துச் செய்யச் சொன்னதும் நான்தானே என்று அவர் சொல்லவில்லை.

திரும்பி வந்து ஆலை வாசலில் அவளுடைய அப்பாவுக்காகக் காத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் கேரியரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார். "இது பொண்ணுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

என்னை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டார். அடுத்த மாதமே அவளை வேலைக்கு அனுப்பினார் என்று கேள்விப்பட்டேன், சென்னைக்கு இல்லை, தூரத்தில் வேறு ஊருக்கு. விடுதியில் தங்கினாளாம். பிறகு அவர்களும் ஊரைவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆயிற்றா என்று தெரியாது.

என் கணக்கை மூடச் சொல்லிவிட்டேன். மூடினார்கள் என்று மகன் சொல்கிறான். உள்ளே எங்காவது என் மூன்று நாட்கள் இன்னும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தளமும் பழசாகிப் போய், வேறு தளங்கள் வந்துவிட்டன. இப்போது என் கையிலேயே போன் இருக்கிறது. தேடும் பெட்டியில் அவள் பெயரைத் தட்டினால் எங்கே இருக்கிறாள், நன்றாக இருக்கிறாளா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அக்கறைதான், வேறொன்றும் இல்லை என்று மனது சொல்கிறது. அன்றைக்கும் அது வேறெதையும் சொல்லவில்லை. முதல் எழுத்துவரை தட்டி அழித்திருக்கிறேன். முழுப் பெயரை இன்றுவரை தட்டவில்லை.