யாழினியின் இடது கண்

களி ஊட்டும்போதுதான் முதலில் கவனித்தேன். என் மகள் யாழினியின் இடது கண் மூக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. வலது கண் என்னையே பார்த்தது. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

"மாறுகண்ணு அதிர்ஷ்டங்க. வூட்டுக்கு நல்லது, வுடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நான் விடவில்லை. ஏரியூரில் பார்த்த டாக்டர் தர்மபுரிக்கு அனுப்பினார். அங்கே, குழந்தைகளின் மாறுகண்ணுக்கான டாக்டர் மாதம் ஒருமுறைதான் வெளியூரிலிருந்து வருவார் என்றார்கள். அந்த மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய கண்மணி வெள்ளையாக மின்னத் தொடங்கியிருந்தது. பெங்களூரில் கட்டட வேலையில் இருந்த என் கணவரை வரவழைத்து, சென்னைக்குப் போனோம்.

அங்கே கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா யாழினியின் இடது கண்ணைக் கையால் மறைத்தார். அவள் பொம்மையைப் பார்த்தபடியே இருந்தாள். வலது கண்ணை மறைத்ததும் அலறிக்கொண்டு கையைத் தள்ளினாள். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. எவ்வளவு காலமாக அவள் எங்களை ஒரு கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

மயக்கம் கொடுத்துப் பார்த்ததில் ரெட்டினோபிளாஸ்டோமா (சிறு குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் புற்றுநோய்) என்று தெரிந்தது.

"உள்ள இருக்கிற கட்டி பார்வையைக் கெடுத்துடுச்சும்மா. அதனாலதான் கண் விலகியிருக்கு. அந்தக் கண்ணை எடுத்தாகணும்."

கணவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

"பொட்டப்புள்ள. கண்ண எடுத்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா? ஊருக்குப் போயி நாட்டு மருந்து பாக்கலாம்."

"நாளைக்குன்னு ஒன்னு அவளுக்கு இருக்கணுமில்லைங்க."

சம்மதக் கையெழுத்தை நான்தான் போட்டேன். ஆனால் அறுவை அறை வாசல்வரை அவளைத் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். நர்ஸ் வாங்க வந்தபோது கொடுக்க மாட்டாமல் நின்றார்.

நோய் கண்ணைத் தாண்டிப் பரவவில்லை. ஆனால் மற்றக் கண்ணிலும் வரக்கூடும் என்று சில மாதங்களுக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துப் பார்க்கிறார்கள். "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லோடு ஊர் திரும்பும் பேருந்தில் அடுத்த சில மாதங்கள் எங்களுக்குக் கிடைக்கின்றன. அதற்கு அப்பால் நான் எதையும் யோசிப்பதில்லை.

எல்லா மாறுகண்ணும் இப்படி முடிவதில்லை. ஆனாலும் உங்கள் குழந்தையின் கண் இழுத்தால், கண்ணில் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்க டாக்டரிடம் சொல்லுங்கள். காத்திருக்காதீர்கள்.

இப்போது யாழினிக்குச் செயற்கைக் கண் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி, கழுவி, மறுபடி பொருத்துவது என் வேலை. போன வாரம் அப்படிக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று கேட்டாள்.

"உங்கண்ண எப்பம்மா கழட்டிக் கழுவுவ?"

"அம்மாவோடது கழட்ட வராது சாமி."

அவள் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பாவம் என்பதுபோல் என் கன்னத்தைத் தடவிவிட்டாள்.