பார்க்காத இரண்டாம் தட்டு

வானாய்வு நிலையத்தில் அவளை எல்லோரும் அளவுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இரவில் தொலைநோக்கி படம் பிடித்த கண்ணாடித் தட்டுகள் காலையில் அவள் மேசைக்கு வரும். விளக்குப் பெட்டிமேல் தட்டை வைத்து, உருப்பெருக்கியில் ஒற்றைக் கண்ணை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று திருகாணியைச் சுழற்றி அளந்து எழுதுவாள். வானத்தையே அளக்கிறவளுக்குக் கிடைத்த அறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. வெளி வெளிச்சம் வந்தால் தட்டில் இருப்பது தெரியாதாம். நல்ல கூத்து!

பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. கணவர் எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இன்னோர் ஊரில், ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவர். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கேட்பார்.

"எப்ப வர்றே?"

"கேட்டிருக்கேன்."

கேட்கத்தான் செய்தாள். அந்த ஊரிலும் நிலையத்துக்குக் கிளை உண்டு, இடமும் காலியாகத்தான் கிடந்தது. இயக்குநரின் கையெழுத்துதான் விழவில்லை. அவர் கெட்டவரும் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

"உங்கள விட்டா அந்த மங்கல யாருக்கும்மா அடையாளம் தெரியும்?" என்பார். "அது கிடைக்கட்டும். மறுநாளே கையெழுத்துப் போடறேன்."

அது என்றால் ஒரு வால்நட்சத்திரம். வால் என்று பேருக்குக்கூட ஒன்றும் கிடையாது. கண்ணாடியில் துடைக்க மறந்த விரல் தடம் மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். அதை இயக்குநர் கண்டுபிடித்ததால் அவர் பெயரையே வைத்திருந்தார்கள். ஆறு வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்ற வர வேண்டியது. முதல் முறை கணக்குச் சொன்ன இடத்தில் ஆளைக் காணோம். இரண்டாம் முறையும் காணோம். இது மூன்றாம் முறை. தினமும் தட்டு தட்டாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அங்கே இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தேடினாள், பாவி.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. வானத்தின் ஒரே இடத்தை ஒரே இரவில் இரண்டு தட்டில் பிடிப்பார்கள். இரண்டிலும் இருந்தால் அது வானத்தில் இருப்பது. ஒன்றில் மட்டும் இருந்தால் தட்டின் அழுக்கு. கண்டுபிடித்த வருடத்தில், கடைசி ஜோடி அவள் கைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. புதுக் கல்யாணம், நாலு மணி ரயில். முதல் தட்டில் மங்கல் தெரிந்தது, அளந்தாள். இரண்டாவதை உறையிலிருந்து எடுக்காமலே 'இரண்டிலும் உண்டு' என்று எழுதிவிட்டு ஓடினாள்.

முதல் முறை வராதபோதுதான் சந்தேகம் வந்து இரண்டாவதை விளக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. அவள் அளந்தது தட்டைக் கழுவிக் காயவைத்தபோது நின்றுபோன நீர்க்கறை. கறையின் அளவைத் தள்ளிவிட்டுக் கணக்கைப் போட்டால் பாதையே வேறு. அப்போது தேடியிருந்தாலும் பிடித்திருக்கலாம். ஆனால் அதே வாரம் இயக்குநர் விஞ்ஞானிகளின் பெரிய சபையில் எழுந்து, அதிலிருந்து பீறிடும் வாயு அதைத் தள்ளிக் காலதாமதம் ஆக்குகிறது என்று விளக்கி, கைதட்டல் வாங்கி வந்திருந்தார். அவர் முகத்தில் கரி பூச அவளுக்கு மனம் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் வேறு. தட்டை உறையில் போட்டாள், வாயை மூடிக்கொண்டாள்.

அப்படியே பன்னிரண்டு வருடம். போன மாதம் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் இவளுக்குச் செய்தியே வந்தது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய திங்கட்கிழமை, இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் லென்ஸை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். அவள் போட்ட புதுக் கணக்கை வருடம் வருடமாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பென்சில் நின்றது.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி வியாழன் கிரகத்துக்கிட்ட போயிருக்கே."

"ஆமா சார்."

"ரொம்பக் கிட்ட. எந்தப் பக்கம் இழுத்து விட்டுச்சோ, இனி எந்தக் கணக்கும் சொல்லாது." திட்டவில்லை. "தப்புன்னு நானே எழுதி அனுப்பிடறேன். என் பேரு கெட்டா கெடட்டும். ஆனா இப்ப அது எங்க வேணா இருக்கலாம். இங்க இருக்கற பழைய தட்டு எதுலயாவது தெரியாம விழுந்திருக்கலாம், அத்தனையும் முதல்லேருந்து பாக்கணும்."

"எத்தனை இருக்கும் சார்?"

"பதினோராயிரம்."

"சார், என்னோட இடமாற்றம்..."

"கிடைக்கட்டும்மா," என்றார், எப்போதும் போல அன்பாக.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். நீர்க்கறை, சபை, வியாழன், பதினோராயிரம் தட்டு. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்கும்."

"மறுநாளே கையெழுத்துப் போட்டிருப்பாரு."

"போட்டிருப்பாருங்க."

துளிக் கோபம் இல்லாமல், "அப்ப உன்ன அங்க பிடிச்சு வெச்சிருந்தது அவரு இல்ல," என்றார்.

இயக்குநர் முன்னால் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.