வான்கோழி வேட்டைப் பையும் 'கால்' பாக்கெட்டும்

1. திரும்பி வந்த சேம்பிள்

பர்மாவில் ஒரு பை ஃபேக்டரியின் சேம்பிள் ரூமில் பத்தொன்பது வருஷம் பேட்டர்ன் வெட்டினேன். என் வேலை ஒன்று அவ்வளவு கேவலமாகத் திரும்பி வந்தது அந்த ஒருமுறைதான். அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை அது. என் பேட்டர்னை நாலாம் லைன் பெண்கள் தைத்திருந்தார்கள். ஆர்டர் கொடுக்கும் பையரின் கமென்ட் இப்படி இருந்தது: "கால் பாக்கெட்டில் பிளாஸ்டிக் ஜன்னல் எதற்கு? பையைத் திறந்தால் காட்டுக்கே கேட்கும்."

மேனேஜர் ஊ சோ என்னைக் கூப்பிட்டார். "மா செல்வி, இன்னும் ஒரே ஒரு சேம்பிள்தான் பாப்பாங்களாம். வெள்ளிக்கிழமை கூரியர் போகணும். இதுவும் போச்சுன்னா நாலாம் லைனை மூடிட வேண்டியதுதான்," என்றார். அந்த லைனில் முப்பத்திரண்டு பேர். கையில் வேறு ஆர்டரும் இல்லை.

தப்பு என்னுடையது. பையர் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டில் 'கால் பாக்கெட்' என்று போட்டிருந்தது. நடக்கிற கால் இல்லை என்கிற வரைக்கும் எனக்கு அறிவு இருந்தது. போன் கால் என்று நினைத்துக்கொண்டேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று வெளியிலிருந்தே தெரியட்டும் என்று ஜன்னல் வேறு வைத்தேன். மகா கெட்டிக்காரத்தனம்.

பையரோடு பேசும் ரஹீம் பாய்தான் விளக்கினார். "செல்விக்கா, கால்னா போன் இல்ல. சின்ன மரப்பெட்டி. மூடிய தேச்சா பொட்டக்கோழி கூப்பிடற மாதிரி சத்தம் வரும். டிகாய்னு ரெண்டு போலிக் கோழிய முன்னால நட்டு வச்சிட்டு, இவன் மரத்துல சாஞ்சு அசையாம உக்காந்திருப்பான். சேவல் ஏமாந்து கிட்ட வரணும். பையில சர்ருனு சத்தம் வந்தா அவ்வளவுதான்."

என் பையில் வெல்க்ரோ மட்டும் ஆறு இடத்தில் இருந்தது.

2. டாலாவில் இன்ஸ்பெக்‌ஷன்

ஞாயிற்றுக்கிழமை படகேறி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலா போனேன். அங்கே கோ மிண்ட் என்பவர் வான்கோழி வளர்க்கிறார். பையர் அனுப்பியிருந்த இரண்டு டிகாய், அவற்றைத் தரையில் குத்தி நிறுத்தும் கம்பிகள், அளவுக்குச் செய்த மரப்பெட்டி எல்லாவற்றையும் பையில் அடுக்கி முதுகில் மாட்டியிருந்தேன். சைக்கிள் ட்ரைஷாக்காரர் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கோ மிண்டின் சேவல் எந்தச் சத்தத்துக்கும் களகளவென்று பதில் சொல்லும் பிறவி. எனக்கு வேண்டியதும் அதுதான். அதன் கண்ணில் படாமல் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெல்க்ரோவைப் பிரித்தேன். களகள. பெட்டியின் மூடி ஆடியது. களகள. கம்பிகள் உரசின. களகள.

"அமா, அதுக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு," என்று கோ மிண்ட் சிரித்தார். அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேவல் வாயை மூடாமல் படகேறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கத்தி, ஊசி, நூல் எல்லாம் கையோடு இருந்தன. ஜன்னலையும் வெல்க்ரோவையும் அறுத்து எறிந்துவிட்டுத் துணி வளையமும் பொத்தானும் வைத்தேன். கம்பி ஒவ்வொன்றுக்கும் தனி உறை. பெட்டிக்கு ஃபிளானல் லைனிங், மேலே இறுக்கமான எலாஸ்டிக். ஒவ்வொன்றையும் தைத்ததும் எழுந்து நடந்து, உட்கார்ந்து, கைவிட்டு எடுத்துப் பார்த்தேன். சாயங்காலம் நான் என்ன செய்தும் சேவல் வாயைத் திறக்கவில்லை. படகு ஹாரனுக்குக் கத்தியது. அதற்கு நான் பொறுப்பில்லை.

3. ஏழு நிமிஷம்

ஊ சோ பையைப் புரட்டிப் பார்த்தார். "வெல்க்ரோன்னா தைக்க ரெண்டு நிமிஷம். இது ஏழு நிமிஷம் புடிக்கும்."

"சயா," என்று மரியாதையாகவே ஆரம்பித்தேன். "வேட்டைக்குப் போறவனுக்குச் சத்தம் போடற பை எதுக்கு? அனுப்பினா இதத்தான் அனுப்பணும்," என்றேன். அவர் கூரியர் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. நாலாம் லைன் பக்கம் போகவே கூசியது. கடைசியில் ரஹீம் பாய் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "ஓகே ஆயிடுச்சுக்கா. பொத்தானும் அப்படியே இருக்கட்டுமாம்."

நேரே லைன் லீடர் மா கின்னிடம் போனேன். வேலை நிலைத்தது என்று சொன்னேன். முதல் சேம்பிளைக் கெடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். "எங்க தையல் சரியில்லைன்னுல்ல நெனச்சோம், அமா. சேம்பிள் திரும்பி வந்த அன்னைக்கிலேர்ந்து எல்லாரும் தெனம் ஒரு மணி நேரம் முன்னாலயே வந்து தச்சுப் பழகிக்கிட்டிருக்கோம்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, தெரியாத சொல்லை எல்லோரும் கேட்பார்கள். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லையும் கேளுங்கள். அப்படியும் தப்பு செய்துவிட்டால், அன்றைக்கே லைனுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். நான் மூன்று வாரம் சொல்லாமல் இருந்தேன்.