எதிர்வரிசை வீடுகளில் நான் படித்த கதை

என் தோழிக்கு நேர்ந்த கொடுமையை அவளைக் கேட்காமல் எடுத்து, அதில் ஒரு பொய்யைச் சேர்த்து, அவள் தெருவிலேயே வீடு வீடாகப் படித்துக் காட்டியவள் நான். அதற்காக எனக்கு முனைவர் பட்டமும் கொடுத்தார்கள்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. வகுப்பிலும் அப்படித்தான்; உளவியல் பாடத்தை நேராகச் சொல்லிவிட்டு, புரியாதவர்களை மறுபடி கேட்கச் சொல்வேன். மேடை ஏறினால் எனக்குக் கை நடுங்காது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், எதைக் கேட்கவே கூடாது என்று கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறேன்! நீங்கள்கூட எங்காவது என் பேச்சைக் கேட்டுக் கைதட்டியிருக்கலாம். இதைப் படித்து முடித்தபின் அதற்காக வருந்தினால் தப்பில்லை.

என் ஆய்வு இதுதான். ஒரு பெண்ணுக்கு வன்கொடுமை நேர்ந்தது என்று கேள்விப்படுகிறவர்கள் அவள்மேல் எவ்வளவு பரிவு கொள்கிறார்கள், எவ்வளவு பழி சுமத்துகிறார்கள்? இதை அறிய ஒரு சிறு கதையைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்போம். பாதிப் பேருக்கு ஒரு கதை. மீதிப் பேருக்கு அதே கதை, ஒரே ஒரு வரி கூடுதலாக. அந்த ஒரு வரி மனத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதலில் ஒரு வெளிநாட்டுக் கதையை மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போனேன். விருந்து, மது, கல்லூரி விடுதி... திருத்தணி மலையடிவாரத்தில் பூ விற்கும் ஓர் அம்மா பாதியிலேயே கையமர்த்திவிட்டார்.

"இது நம்மூர்ல நடக்கிற கதையே இல்லீங்க. சினிமா பாத்துகினு இருக்கிற மாதிரி இருக்குது. இதுக்கு இன்னான்னு பதில் சொல்றது?"

அவர் சொன்னது சரி. என் நெறியாளரும் அதையே சொன்னார். இந்த ஊர்க் கதையாக எழுதுங்கள், கேட்கிறவர்கள் கண்ணில் காட்சி தெரிய வேண்டும் என்றார்.

எழுத உட்கார்ந்தேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது... கோமதியின் கதை.

கோமதி என்று இங்கே சொல்கிறேன். அது அவள் பெயரல்ல. என்னோடு பள்ளியில் படித்தவள். கனகம்மாசத்திரத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு மாலை பேருந்து வரவில்லை. பக்கத்துத் தெருக்காரன் ஒருவன், சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னான். ஏறினாள். அவன் வண்டியைக் கரும்புத் தோட்டத்துப் பக்கம் திருப்பினான். நடந்ததை இங்கே எழுதமாட்டேன்; ஒரு முறை எழுதியதே போதும். கையிலிருந்த டிபன் கேரியரால் அவன் நெற்றியில் ஓங்கி அடித்துவிட்டுச் சாலைக்கு ஓடி வந்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன். அவனுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவள் இதை என்னிடம் மட்டுமே சொன்னாள். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு அக்கா குடும்பம் வந்து போகட்டும், அதன்பின் நைனாவிடம் சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்றாள். "நீ கூட வரணும்" என்றாள். வருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

அதே மாதத்தில்தான் அந்தக் கதையை எழுதினேன்.

பெயரை மாற்றினேன். கனகம்மாசத்திரத்தை மணவூராக்கினேன், பேருந்தை ரயிலாக்கினேன். டிபன் கேரியரை மாற்றவில்லை. நெற்றிக் காயத்தை மாற்றவில்லை. ஏன்? அவை அத்தனை நன்றாக இருந்தன! கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் விவரங்கள். நெறியாளர் படித்துவிட்டுப் பிரமாதம் என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்தது, இரண்டாவது கதைக்கான அந்த ஒரு வரி. 'அதற்கு முன்பு சில நாட்களாக அவள் அவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.' இது நடக்கவே இல்லை. கோமதியிடம் அவன் எண்கூடக் கிடையாது. நானாகச் சேர்த்தது.

எந்தத் தெருவில் தொடங்குவது? கோமதியின் தெருவையே எடுத்துக்கொண்டேன். காரணம் வெட்கக்கேடானது. அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்; கதவு சீக்கிரம் திறக்கும், காப்பியும் கிடைக்கும். பகலில் கோமதி வேலைக்குப் போயிருப்பாள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது... இல்லை, தெரிந்துதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவள் வீடு இருக்கும் வரிசைக்கு முதல் கதை. எதிர்வரிசையின் பன்னிரண்டு வீடுகளுக்கு இரண்டாவது கதை. ஒவ்வொருவரிடமும் முறைப்படி சம்மதக் கையெழுத்து வாங்கினேன். கேட்கிறவர்கள் அத்தனை பேரிடமும்! கதைக்குச் சொந்தக்காரியிடம் மட்டும் வாங்கவில்லை.

எதிர்வரிசையில் ஏழாவது வீடு மளிகைக் கடைக்காரர் சரோஜாக்காவுடையது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கதையைப் படித்து முடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா... நெத்தியில தையல் போட்டுகினு சுத்தறானே, அவனா?"

"இல்லக்கா, இது கற்பனைக் கதை. பேரு, ஊரு எல்லாம் சும்மா."

"ஆங்... கற்பனைதான். அன்னிக்கு கோமதி நசுங்கின கேரியரோட வந்தப்ப நான் கடையிலதான இருந்தேன். பஸ்ஸுல இடிச்சிக்கிச்சின்னு சொன்னா." குரலைத் தாழ்த்தினார். "போன்ல வேற பேசிகினு இருந்தாளா? பாத்தா அப்படித் தெரியலியே... சரி, யார் மனசுல இன்னா இருக்குதுன்னு நமக்கு இன்னா தெரியும்?"

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அந்த வரி பொய், நான் எழுதியது என்று அங்கேயே சொல்லியிருப்பீர்கள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இரண்டு கதைகள் இருப்பதை ஆய்வு முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் அந்தத் தெருவில் வாங்கிய தாள்கள் எல்லாம் வீண். விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இதில் அந்தப் பெண்ணின் தவறு எவ்வளவு? ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு எண் சொல்லுங்கள்" என்று கேட்டேன். சரோஜாக்கா யோசித்து, ஐந்து என்றார். ஐந்தை வட்டமிட்டுவிட்டு எட்டாவது வீட்டுக்குப் போனேன்.

ஆம், போனேன்! எட்டாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது வரை போனேன். ஒவ்வொரு வீட்டிலும் அதே வரியைத் தெளிவான குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே படித்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு வரிசையும் மளிகைக் கடையில் நின்று பேசிக்கொண்டன. முதல் கதையைக் கேட்டவர்களும் இரண்டாவது கதையையே நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? படித்த பெண், கோமதியின் தோழி, தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து சொன்ன விஷயமாயிற்றே!

ஆடிக் கிருத்திகை முடிந்தது. காவடிக் கூட்டம் மலையிறங்கி ஊர் காலியானது. கோமதி என் வீட்டுக்கு வந்தாள். காவல் நிலையத்துக்குக் கூப்பிட வரவில்லை.

"நைனா கேக்கறாரு, அவன்கூட எத்தினி நாளா பேசிகினு இருந்தேன்னு. நான் இன்னும் வாயே தொறக்கல... அதுக்குள்ள வீட்டுக்குச் சேதி வந்துடுச்சி. கேரியரப் பாத்தது சரோஜாக்கா ஒருத்திதான். அந்த அக்காவே இப்ப மூஞ்சியத் திருப்பிக்குது. நான் ஸ்டேஷனுக்குப் போனா யார் எனக்காகச் சொல்லுவாங்க?"

தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீ வந்து சொல்லு. அந்த வரி நீ எழுதினதுன்னு அந்த எதிர்வீட்டுக்காரங்ககிட்ட சொல்லு. வேற எதுவும் வேணாம்."

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் ஏதாவது பதில் வந்திருக்கும். வாதாடுவதில் நான் சளைத்தவள் அல்ல. வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த வரி உனக்கு எங்கேந்து கெடச்சுது?"

அவளே சொன்னாள்.

"அன்னிக்கு நான் அழுதுகினே உங்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நீ மொதல்ல கேட்டது இன்னா தெரியுமா? 'இதுக்கு முன்னாடி அவன்கூட போன்ல பேசுவியா'ன்னு கேட்ட."

கேட்டேன். நான்தான் கேட்டேன்! பரிவைப் பற்றி அதுவரை படித்த அத்தனையும் என் தலைக்குள் இருந்தது. இருந்தும், அழுகிறவள் எதிரில் என் வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான். பிறகு அதையே ஊராரின் சந்தேகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளில் ஏற்றினேன். வாய்மொழித் தேர்வில் ஒருவர், அந்த வரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். களத்தில் பரவலாக எழும் ஐயம் என்று தயங்காமல் பதில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கோமதி புகார் கொடுக்கவில்லை. அதே தெருவில் இருக்கிறாள், அதே பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறாள். பக்கத்துத் தெருவில் அவனும் இருக்கிறான். அவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஏன் இன்னும் போய்ச் சொல்லவில்லை என்று என்னைக் கேட்பீர்கள். சொன்னால் பட்டம் கேள்விக்குள்ளாகும். வேலை போகலாம், மேடை நிச்சயம் போகும். பயம்தான், அதற்கு அழகான பெயர் எதுவும் நான் வைக்கப்போவதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. உங்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? நீங்கள் கோமதியைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்கிறவர்கள் அந்தப் பன்னிரண்டு வீடுகளில் இருக்கிறார்கள்.

இதை எழுதுவதற்கு முன்பு இந்த முறை கோமதியிடம் கேட்டேன். போனில்தான் கேட்டேன்.

"எழுதறதெல்லாம் வேணாம்," என்றாள். "தெருவுக்கு வா."

தெருவுக்குப் போகவில்லை. எழுதிவிட்டேன்.