சாட்சிக்கு நடந்தவள்

பழனிச் சாலையில் கன்னிவாடிப் பிரிவைத் தாண்டி, பாதயாத்திரைக்காரர்களுக்காக ஒரு தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். சாக்கு விரித்த தரையில் நான் படுத்திருக்க, என் இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் என் தோழி. சுற்றி எல்லாரும் பச்சைச் சேலையில் இருந்தார்கள். அவள் மட்டும் கல்லூரிக்குப் போடும் பூப்போட்ட சுடிதாரில், கழுத்தில் சிறு சிலுவையோடு. தைப்பூசத்துக்கு நடந்த எங்கள் கூட்டத்தில் முருகனுக்காக வராதவள் அவள் ஒருத்திதான். எனக்காக வந்திருந்தாள்.

எனக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்தவை. ஒரு நாள் மாடிப்படி ஏறி இறங்குவேன். மறுநாள் இடுப்பு நழுவிக்கொண்டு, கழிப்பறைக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். தினமும் கோல் ஊன்றிப் போகிறவளை ஊர் நம்பும். திங்கள்கிழமை ஊன்றிக்கொண்டும் புதன்கிழமை கைவீசிக்கொண்டும் போகிறவளை யார் நம்புவார்கள்? வீங்காத கால் வலிக்காது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கல்யாணம் எந்த மூட்டைச் சரியாக்கும் என்று கேட்க அப்போது எனக்கு வாய் வரவில்லை.

கல்லூரி இரண்டாம் ஆண்டில், கால் சரியானால் என்னைப் பழனிக்கு நடந்தே அனுப்பிவைப்பதாக அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டார். அதை ஒட்டி எனக்குச் சில நல்ல நாட்கள் தொடர்ந்து வந்தன. வழக்கமாக வந்து போகிறவைதான். அம்மாவோ முருகன் கண் திறந்துவிட்டான் என்று முடிவு கட்டி, எனக்கு மாலை போட்டுவிட்டார். இது நிலைக்காதும்மா என்று நான் சொன்னது அவர் காதில் சாமி குத்தமாகத்தான் விழுந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த தோழியிடம் போய் அழுதேன். "நானும் வாரேன்டீ. நீ பாதியில விழுந்தா, நெசமாத்தான் விழுந்தான்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல?" என்றாள். வீட்டில் என்ன பொய் சொல்லிவிட்டு வந்தாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சொன்னபடியே விழுந்தேன். எங்கள் குழுவை நடத்தி வந்தவர் அத்தை, அப்பாவின் தங்கை. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "காலையில நல்லாத்தான நடந்தா? நடிக்கிறா. செத்த நேரம் விட்டா தானா எந்திரிச்சிருவா." தோழி அவருக்கு எதிரே போய் நின்றாள். "வலிக்குதுன்னு அவ சொன்னா வலிக்குதுதான் அத்தை. சாமான் வண்டி பின்னாடி வருதுல்ல, அதுல ஏத்துங்க. இனிமே அவ நடக்க மாட்டா." குரலை உயர்த்தவே இல்லை. அந்த நேரத்தில் வலியே மறந்துபோனது என்று எழுதினால் அழகாக இருக்கும். மறக்கவெல்லாம் இல்லை, உயிர் போனது. ஆனால் நான் அழுதது வலியால் அல்ல. என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாளே என்று அழுதேன்.

வண்டிக்காகக் காத்திருந்தபோது அந்தப் பந்தலில்தான் சொன்னேன். அவளை எனக்குப் பிடிக்கும், தோழியாக மட்டும் இல்லை, ஆயுசுக்கும் கூட வாழ ஆசைப்படுகிற மாதிரிப் பிடிக்கும் என்று. கால் வலியை நம்பியவள் இதையும் நம்பிவிடுவாள் என்று நினைத்துவிட்டேன். எண்ணெய் தேய்த்த கை நின்றது. "வலியில என்னத்தையோ பேசுற. உன்னைய யாரும் இம்புட்டுப் பாத்துக்கிட்டதில்ல, அதான் அப்படித் தோணுது" என்றாள். பிறகு மறுபடி தேய்த்தாள், முன்பைவிட மெதுவாக. அத்தையின் 'நடிக்கிறா' எனக்குப் பழகிய பேச்சு. இது பழகாதது. அதன் பிறகும் நாங்கள் எல்லாவற்றையும் பேசினோம், அது ஒன்றைத் தவிர. படிப்பு முடிந்ததும் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள்.

சில வருஷங்கள் கழித்து மதுரையில் ஒரு டாக்டர் என் நோய்க்குப் பெயர் சொன்னார். அவ்வளவுதான், வீடு மொத்தமும் நம்பிவிட்டது. அத்தைகூட ஒத்தடம் கொடுக்க வெந்நீரோடு வந்தார். மனசில் இருந்த மற்றதற்கு ஸ்கேன் கிடையாது. இந்த வருஷம் மாப்பிள்ளைப் பேச்சு முற்றியபோது, எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அம்மா என்னிடம் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைக்க என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் கோயம்புத்தூருக்குப் போன் போட்டிருக்கிறார். நான் சொல்வது நிஜமா நடிப்பா என்று கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

நேற்றுக் காலை அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார். "அவகிட்டக் கேட்டேன். நெசந்தாம்மா, எனக்கு அப்பவே தெரியும்னு சொல்றா." துருவியதைக் கிண்ணத்தில் தட்டினார். "அப்ப மாப்பிள்ளை வீட்டுக்கு வேணாம்னு சொல்லிரவா?"

"சொல்லிரும்மா" என்றேன். இத்தனை வருஷமாக நான் ஏங்கிய வார்த்தை அந்த 'நெசந்தான்'. அம்மாவின் வாயிலிருந்து அதைக் கேட்டதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது, தாங்க முடியாத ஆற்றாமையும் இருந்தது. அப்பவே என்றால், பந்தலில் அவள் கை நின்றதே, அப்பவேயா? அதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

"என்கிட்ட ஏதாச்சும் சொல்லச் சொன்னாளாம்மா?"

"இல்லையே" என்றார் அம்மா. "பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துருச்சுன்னு போனை வச்சுட்டா."