பொடியன் என்ற முதலை மீன்

என் தங்கை கணவர் குளத்தில் மீன் வளர்த்துப் பிழைக்கிறவர். எடை போட்ட மீனைத் தலையில் ஒரே தட்டாகத் தட்டிக் கூடையில் வீசுவார், பேச்சுகூட நிற்காது. அப்படிப்பட்ட மனுசன், மகள் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த ஒரு மீனைக் கொல்ல மனசு வராமல் மாட்டிக்கொண்டார்.

அது முதலை மீன். நீண்ட வாய், உடம்பு முழுக்கக் கவசம் போட்ட மாதிரி கெட்டிச் செதில். டைனோசர் காலத்து வம்சம் என்று சொல்லித்தான் கடைக்காரன் தலையில் கட்டினான். அப்போது விரல் நீளம்தான் இருந்தது. மகள் பொடியன் என்று பேர் வைத்தாள். பொடியனோ தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் வளர்ந்துவிட்டான்.

“வெட்டிடலாமே,” என்றாள் தங்கை.

“பேர் வச்ச பிறகு எப்படிடி வெட்டுறது?”

வாளியில் தூக்கிப் போய்த் தன் குளத்திலேயே விட்டார். ஒரு வாய் எவ்வளவு தின்றுவிடும் என்று நினைப்பு.

தின்றது. வளரவிட்ட குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைந்தன. வலை போட்டால் கிழித்துக்கொண்டு போனது. மிச்சமிருக்கிற குஞ்சுகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று குளத்தை முழங்கால் அளவுக்கு வடிக்கப் பார்த்தார். மோட்டார் என்னுடையது, அதனால் நானும் போனேன்.

“தண்ணி குறைஞ்சா எந்தக் கொம்பனும் அடங்கிடுவான் மச்சான்,” என்றார். மீன் பிடிக்கிற எவனும் அப்படித்தான் நினைப்பான். நானும் தலையாட்டினேன்.

தண்ணீர் வடிந்ததும் பொடியனின் முதுகு தெரிந்தது. ஈட்டியால் குத்தினார். பாறையில் பட்டது போல வழுக்கியது. மறுபடி குத்தினார், கைதான் அதிர்ந்தது.

“பேர் சொல்லிக் கூப்பிடுங்க மாப்ளே, வந்தாலும் வரும்.”

“சும்மா இருங்க மச்சான், வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க.”

துரத்தித் துரத்திச் சேற்றைக் கலக்கினோம். வெயிலும் ஏறிவிட்டது. அப்போதுதான் கரையோரம் வெள்ளையாக மிதப்பதைப் பார்த்தேன். குஞ்சுகள். கலங்கிச் சூடேறிய தண்ணீரில் மூச்சு முட்டி மல்லாந்துகொண்டிருந்தன.

“தண்ணி விடுங்க மச்சான்! மோட்டாரைத் திருப்பிப் போடுங்க!”

ஓடிப்போய், பக்கத்து வாய்க்காலிலிருந்து குளத்துக்கு இறைக்கிற மாதிரி மாற்றிப் போட்டேன். அத்தனை பெரிய குளத்துக்கு அந்தக் குழாய்த் தண்ணீர் எந்த மூலைக்கு? அவர் குஞ்சுகளை இரண்டு கையாலும் அள்ளிக் குழாய் வாய்க்குக் கொண்டுவந்து காட்டினார். அவை விரலிடுக்கில் நழுவி விழுந்தன.

பொடியன் மட்டும் மேலே வந்தான். மூக்கை நீட்டி ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போனான். தண்ணீர் கெட்டால் காற்றை விழுங்கிப் பிழைக்கிற சாதி அது என்று எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கரைக்கு வந்த தங்கை, “பிடிச்சாச்சா?” என்றாள். அவர் குனிந்து அடுத்த கை குஞ்சுகளை அள்ளினார்.

“போதும், மேல வாங்க மாப்ளே.”

“இதுல கொஞ்சம் துடிக்குது மச்சான்.”

எட்டிப் பார்த்தேன். எதுவும் துடிக்கவில்லை. இருந்தாலும் மோட்டாரை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.